அளப்போரும் அளக்கப்படுவோரும்

தாதியியல் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்போர் அவற்றில் ஒரு வாக்கியத்தைத் தவறாது காண்பர். “பயிற்றப்பட்ட தரவு சேகரிப்போரைக் கொண்டு தரவுகள் சேகரிக்கப்பட்டன” என்பதே அது. கட்டுரையின் ஏனைய பகுதிகள் நீண்டு செல்லும். கணக்கியற் சூத்திரங்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் கொதிக்கும் வெய்யிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, குழந்தையை நிறுத்து, முதியவரின் புண்ணைப் பார்த்து, தாயிடம் கேள்வி கேட்டு அந்தத் தரவுகளைக் கொண்டுவந்த பெண்ணைப் பற்றி இவ்வொற்றை வாக்கியத்துக்கு மேல் எதுவும் இராது. இலக்கணம் கற்ற நாம் இதனை நோக்குமிடத்து, செயப்பாட்டுவினை தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்திருப்பதைக் காண்கிறோம். செய்தவர் மறைந்துவிட்டார். அவரைப் பயிற்றியவர் யார், எத்தனை நாள், எந்த மொழியில், பயிற்சியின் முடிவில் எத்தனை பேர் தேறினர் என்பனவும் அவருடன் சேர்ந்தே மறைந்துவிட்டன.

இலக்கியத் திங்களிதழில் இந்த விசாரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மக்களின் வாழ்வைச் சொல்லாக்குவது இலக்கியம் என்றால், அதே வாழ்வை எண்ணாக்குவது இவ்வாய்வு. சொல்லில் நேரும் பொய்யைத் தட்டிக் கேட்கும் நாம் எண்ணில் நேரும் பொய்யைக் கண்டும் காணாதிருப்பதற்கு நியாயமில்லை. மேலும், எண் வெறும் எண்ணாக நின்றுவிடுவதில்லை. எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கிடைப்பதும் கிடையாமற் போவதும் பதிவேட்டிற் குறிக்கப்படும் ஒரு புள்ளியைப் பொறுத்தது. அப்புள்ளியை இட்டவர் கை தவறினால் ஒரு வீட்டின் உணவு தவறுகிறது. நெல்வயலும் கடற்கரையும் ஒருங்கே அமைந்த நானாட்டான் போன்றதொரு பிரதேசத்தில் இவ்வுண்மையை விளக்குவதற்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே, அளப்போரைப் பயிற்றுதல் வேண்டாத ஆடம்பரம் என்பது எமது வாதமன்று. அதன் தேவையை முதன்முதல் உணர்ந்தோருள் நவீன தாதியியலின் முன்னோடியான புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும் ஒருவர். விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப்புத்தகங்கள் அவரைப் பற்றிக் கண்ணீர்க் கதை சொல்லும். அவர் கையில் விளக்கைவிட அதிக நேரம் இருந்தது பதிவேடு என்பதை அவை சொல்வதில்லை. கிரிமிய யுத்த காலத்தில், 1854இல், ஸ்குற்றாரி வைத்தியசாலைக்குச் சென்ற அவர், இறந்த போர்வீரர் தொகையை வெவ்வேறு பதிவேடுகள் வெவ்வேறாகக் காட்டியதைக் கண்டு திகைத்தார். செத்தவனைக்கூட ஒழுங்காக எண்ணத் தெரியாத நிருவாகம், சாகக் கிடப்பவனை எங்ஙனம் காக்கும்? நாடு திரும்பியபின் வைத்தியசாலைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே வகைப் படிவம் வேண்டும் என்று வாதாடினார். 1860இல் இலண்டனிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிபர மாநாட்டின் முன் அவர் வகுத்த மாதிரிப் படிவங்கள் வைக்கப்பட்டன.

இங்கே எமது வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1863இல் அம்மையார் குடியேற்ற நாடுகளின் சுதேசப் பாடசாலைகளினதும் வைத்தியசாலைகளினதும் சுகாதாரப் புள்ளிவிபரங்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. குடியேற்ற நாட்டு அமைச்சராயிருந்த நியூகாசில் கோமகனின் அலுவலகம் மூலம் படிவங்கள் கப்பலேறின. மாணவர் தொகை, வயது, நோய், இறப்பு ஆகியன கேட்கப்பட்டன. திரும்பி வந்த படிவங்களுட் பல முழுமையற்றவையாக இருந்தமையை அம்மையாரே குறைகூறும்படியாயிற்று. படிவம் சென்றதே யொழிய, அதை நிரப்புவோருக்கு விளக்கம் கூற எவரும் செல்லவில்லை. எனவே இந்நாட்டில் ஒரு தாதியின் ஆய்வுக்குத் தரவு சேகரித்தோரின் முதல் வரிசையிற் பாடசாலை நடத்தியோரும் நிற்கின்றனர். பயிற்சியின்றிச் சேகரிக்க விடப்பட்டு, பின்னர் குறைகூறப்பட்டோரின் வரிசையும் அதுவே. இன்றும் பாடசாலை வைத்திய பரிசோதனைக்கு முன் மாணவரை நிறுத்து, உயரம் அளந்து பட்டியல் தயாரிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதைப் படித்துச் சிரித்துக் கொள்ளலாம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் இத்துறை எவ்வளவோ முன்னேறிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அம்முன்னேற்றத்தின் சிறந்த உதாரணமாக உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் நடத்திய குழந்தை வளர்ச்சி ஆய்வைக் கூறலாம். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகியவையே அந்நாடுகள். எமது நாட்டுப் பிள்ளைகளின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் உள்ள வளைகோடுகளும் இவ்வாய்விலிருந்து பெறப்பட்டவையே. அதில் ஒவ்வொரு குழந்தையையும் இருவர் தனித்தனியே அளந்தனர்; ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கவில்லை. பின்னர் இரு அளவுகளும் ஒப்பிடப்பட்டன. எடையில் 100 கிராமுக்கும், நீளத்தில் 7 மில்லிமீற்றருக்கும், தலைச் சுற்றளவில் 5 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தால் இருவரும் மீண்டும் அளந்தாக வேண்டும்.

இவ்வெல்லைகள் எவ்வளவு நுண்மையானவை என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் குழந்தை ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் வளர்கிறது. அதாவது மாதம் ஒரு சென்ரிமீற்றர். ஆகவே 7 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய மூன்று வார வளர்ச்சி. முழங்காலைச் சரியாக அழுத்திப் பிடியாமல், அழுகிற பிள்ளையின் பாதம் பலகையிற் படுமுன் எண்ணைப் படித்துவிட்டால் மூன்று வாரம் காணாமற் போய்விடும். அளக்கும் பலகையருகே இருவர் நிற்க வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் காலைப் பிடிக்க வேண்டும் என்னும் விதி வீண் சடங்கன்று. ஒற்றைக் குடும்பநல மாதுவைக் கிளினிக்கில் நிறுத்தி, வரிசையில் அறுபது தாய்மாரையும் நிறுத்திவிட்டு, இவ்விதியை அவர் கடைப்பிடிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது.

ஆயினும் இந்த ஆய்வு யாரை அளந்தது? புகைபிடிக்காத, தாய்ப்பாலூட்டுகிற தாய்மாரின் பிள்ளைகளை. வளர்ச்சியைத் தடுக்காத அளவுக்கு வசதிபடைத்த குடும்பங்களின் பிள்ளைகளை. இந்தியாவிற் தேர்ந்தெடுக்கப்பட்டது தென் டில்லி. ஒரு குழந்தை எப்படி வளரக்கூடும் என்பதை அறிய இது சரியான வழியே. அவ்வளவு செம்மையாக அளக்கும் கைகள் வறியவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தனவா என்பதே எமது கேள்வி. எமது பகுதியின் வரலாறு இதற்குத் தரும் விடை கசப்பானது. இலங்கையின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடுகளுள் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளுக்குரியவை வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தன. 2006-07க்குரியது வட மாகாணத்தை விட்டு நடந்தது. 2016இல் நடந்த மதிப்பீடே இருபத்தைந்து மாவட்டங்களையும் உள்ளடக்கியது. போர் அதற்குக் காரணம் என்பதை அறிவோம். ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் மன்னார்ப் பிள்ளையின் எடை ‘தேசிய சராசரி’ எனப்பட்டதற்குள் இல்லாதிருந்தது என்பதும் உண்மை. அளக்கப்பட்டோரிடையே அளவு ஒத்திருந்தது என்பது, அளக்கப்படாதோருக்கு எவ்வித ஆறுதலும் ஆகாது.

இனி, பயிற்சியின் உள்ளே நிகழ்வதை நோக்குவோம். பரீட்சை விடைத்தாள் திருத்தச் சென்ற ஆசிரியர்களுக்கு இது புதியதன்று. ஒரே கட்டுரைக்கு ஒருவர் பதினெட்டும் மற்றவர் பதினொன்றும் இடுவதைத் தடுக்கவே புள்ளித்திட்டம் விவாதிக்கப்படுகிறது, மாதிரி விடைத்தாள்கள் எல்லோராலும் திருத்தப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. தரவு சேகரிப்போர் பயிற்சியும் இவ்வாறே. இருவர் தீர்ப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை அளப்பதற்கு ஜேக்கப் கோஹென் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1960இல் ‘கப்பா’ என்றொரு கணக்கைத் தந்தார். அதன் சிறப்பு வெறும் நூற்றுவீதத்துக்கு மயங்காமையே. விடுதியிலுள்ள நூறு நோயாளரை இரு சேகரிப்போர் படுக்கைப் புண் உண்டா என்று பார்க்கிறார்கள் என்க. ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குப் புண் உண்டு என்கிறார்கள். ஆனால் இருவரும் ஒருமித்துக் காட்டியவர் ஐவரே. எண்பத்தைந்து பேருக்குப் புண் இல்லை என்பதில் இருவரும் ஒத்துப்போவதால் உடன்பாடு 90 வீதம் ஆகிறது. ஆய்வாளர் மகிழ்ந்து போகிறார். கோஹென் கணக்கோ, குருட்டாம்போக்கில் எழுதினாலே 82 வீதம் ஒத்துவரும் என்பதைக் கழித்துவிட்டு 0.44 என்று காட்டும். புண் உண்டு என்று யாராவது ஒருவர் சொன்ன பதினைந்து பேருள் பத்துப் பேரைப் பற்றிச் சண்டை தீரவில்லை என்பது அப்போது வெளிச்சமாகிறது. 1977இல் லாண்டிஸ், கொக் என்போர் இவ்வெண்களுக்கு ‘நடுத்தரம்’, ‘கணிசம்’ என்றெல்லாம் பெயரிட்டனர். அப்பிரிப்பு தம் விருப்பப்படி வகுத்ததே என்று அவர்களே எழுதியுமுள்ளனர். அந்த ஒப்புதலை மறந்து பெயர்களை மட்டும் வேதமாக்கிக் கொண்டது பின்வந்தோரின் சாமர்த்தியம்.

ஆனால் கப்பா முழுமையாக 1 என்று வந்தாலும் உண்மை கைவந்துவிட்டதாகாது. இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. படுக்கைப் புண்ணின் முதற்படி, அழுத்தினாலும் மறையாத சிவப்பு என்று நூல்கள் கூறுகின்றன. அச்சிவப்பு வெள்ளைத் தோலிற் தெரிவது போற் கறுத்த தோலிற் தெரியாது. கறுத்த தோலில் அது மேலும் கருமையாகவோ ஊதாவாகவோ தோன்றலாம்; வெப்பத்தாலும் வீக்கத்தாலும் தடிப்பாலும் தொட்டே அறிய வேண்டியிருக்கலாம். வெள்ளைத் தோலின் படங்களைக் காட்டிப் பயிற்றப்பட்ட இரு சேகரிப்போர், வாழ்நாளெல்லாம் கடல் வெய்யிலிற் காய்ந்த ஒரு முதிய மீனவரின் இடுப்பைப் பார்த்து ‘புண் இல்லை’ என்று ஒரே குரலிற் சொல்வார்கள். உடன்பாடு நூறு வீதம். சில நாளிற் தோல் உரியும். பயிற்சி இங்கே தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வெற்றி பெற்றுவிட்டது. ஒரே தவறை இருவருக்கும் ஒரே சீராகக் கற்றுக் கொடுத்துவிட்டது.

மனிதர் மட்டுமன்றிக் கருவிகளும் இவ்வாறு பயிற்றப்பட்டவையே. விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனைக் காட்டும் கருவி எல்லா விரலுக்கும் ஒரே நேர்மையுடன் நடப்பதாக நம்பப்பட்டது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவி நலமென்று காட்டியும் உள்ளே ஒட்சிசன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேரின் விதியை அந்தச் சிறு கருவி எழுதியிருக்கும்!

இதற்கு எதிர்ப்பக்கமாக, உழைப்பவரை நம்பாமையையே கருவியாக வார்த்த கதையும் உண்டு. இரசமானியிற் குருதியமுக்கம் அளப்போர் கடைசி இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடுவர் என்பது பழைய முறைப்பாடு. அளவுகோலில் இரண்டிரண்டாகக் கோடிருப்பதால் ஐந்தில் ஒரு தடவையே பூச்சியம் வர வேண்டும். நடைமுறையில் அது எவ்வளவோ மிகுதி. 1964இல் இலண்டனில் ஜெப்ரி றோசும் அவர் தோழரும், அளப்பவர் உண்மையான எண்ணை அறியாதவாறு மறைக்கும் கருவியொன்றை அமைத்தனர். அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடுதான். ஆயினும் ஒருவர் ஏன் எண்ணை உருட்டுகிறார் என்பதைக் கருவி கேட்பதில்லை. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நாளுக்கு இத்தனை படிவம் என்று கட்டளையிட்டால், எண்கள் தாமே உருளும்.

எனினும் எம் போன்ற தமிழாசிரியர்களை மிகவும் உறுத்துவது மொழிப் பிரச்சினையே. கேள்விக்கொத்தை ஒருவர் தமிழாக்குவார். மற்றொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்திருந்தால் மொழிபெயர்ப்புச் சரி. 1970இல் றிச்சட் பிறிஸ்லின் எழுதியதிலிருந்து இம்முறை எங்கும் பரவியது. இது இரு ஆங்கிலம் படித்தோருக்கிடையேயான உடன்பாடு. கேள்வி கேட்கப்படும் பெண் இந்த ஒப்பந்தத்தில் எங்கும் கைச்சாத்திடவில்லை.

எமது பகுதியிற் கால் ‘நோகுது’ என்பர்; ‘வலிக்கிறது’ என்பது புரியும், ஆனால் அது புத்தகத்திலும் சினிமாவிலும் கேட்ட சொல். நோவிலும் உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு, எரிவு வேறு. நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நட்டவள் கால் ‘உளையுது’ என்கிறாள். படிவமோ, வலி பூச்சியமா பத்தா என்று கேட்கிறது. அதைவிட விபரீதம் ‘களைப்பு’. நடந்தாற் ‘களைக்குது’ என்று எம்மூர் முதியவள் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்பது பொருளாகலாம். கேள்விக்கொத்திலோ களைப்பு என்பது உடற் சோர்வு. மூச்சுத் திணறலுக்கு வேறு கேள்வி, வேறு பெட்டி. இருதய நோயின் அறிகுறி சோர்வென்னும் பெட்டியில் விழுகிறது. சேகரிப்போர் இருவரும் அதே பெட்டியிற் புள்ளடி இட்டிருப்பதால் நம்பகம் மிக உயர்வு என்று கட்டுரை அறிவிக்கும்.

பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விகள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. தாயே தனித்திருந்து வாசித்துக் கோடிடுவதற்காக எழுதப்பட்டவை அவை. அவற்றுள் ஒன்று, ஆங்கிலேயர் பேச்சு வழக்கின் மரபுத்தொடர் ஒன்றின் மீதே நிற்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ஏதோ தலைமேல் ஏறிவிட்டதாகப் பொருள்படும். எழுத்தறிவு தடுமாறும் தாய்க்கு அக்கேள்விகளைச் சேகரிப்பவள் உரக்க வாசிக்கிறாள். தன்னை வருத்திக் கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்னும் இறுதிக் கேள்வி, மாமியார் குந்தியிருக்கும் திண்ணையிற் கேட்கப்படுகிறது. ‘இல்லை’ என்ற விடை பதிவாகிறது. எந்தப் பயிற்சியாளரும் இந்த ‘இல்லை’யிற் பிழை காண முடியாது.

இந்நிலையிற் பயிற்சியின் பொன்விதி என்ன? ‘எழுதியவாறே வாசி; விளங்காவிட்டால் அதே சொற்களில் மீண்டும் வாசி.’ இவ்விதியை நாம் எள்ளி நகையாடவில்லை. சேகரிப்பவர் தத்தம் மனம்போனபடி கேள்வியை மாற்றினால் அளவு அளவாயிராது. ஆயினும் 1990இல் லூசி சச்மன், பிரிஜிற் ஜோர்டன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உரையாடலின் இயல்பான விளக்கங்களைத் தடைசெய்வதால் கேள்வியின் பொருளே ஆளுக்காள் மாறிவிடுகிறது என்று காட்டினர். சொல் ஒன்றாயிருக்கலாம், கேட்போர் கொண்ட பொருள் நூறாயிருக்கலாம். வகுப்பிற் பாடத்தை அதே சொற்களில் மூன்று தரம் வாசித்துவிட்டு மாணவன் விளங்கிக்கொண்டான் என்று எழுதும் ஆசிரியரை எந்தக் கல்வி அதிகாரி மன்னிப்பார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இவ்விடயத்தில் எமது ஆய்வாளருக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்கவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் நாடு திரும்பிய அவர், வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். அவர் ஆக்கிய கலைச்சொற்களுட் பல நிலைக்கவில்லை. ஆனாற் தம் மாணவர் தம்மூர் மக்களுக்கே வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

தரவு சேகரிப்போராக அமர்த்தப்படுவோர் பெரும்பாலும் உயர்தரம் கற்று வேலையின்றி இருக்கும் எம் பிள்ளைகளே. ‘களைக்குது’ என்றால் என்னவென்று அவர்களுக்கு வீட்டிலேயே தெரியும். பயிற்சி நாளில் அவர்களிடமிருந்து முதலிற் பறிக்கப்படுவது அந்த அறிவுதான். அதைப் பறிக்காமற் பயிற்ற முடியாதா? படிவத்தைக் கையில் எடுக்குமுன் ஒரு நாள் வங்காலைக் கரையிலும் ஒரு நாள் வயலோரத்திலும் அவர்களை அனுப்பி, நோய்க்கும் நோவுக்கும் மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டச் செய்யலாம். ஒவ்வொரு கேள்விக்கும் அனுமதிக்கப்பட்ட விளக்கங்களை அச்சொற்களைக் கொண்டு கூடி வகுத்து, எல்லோரும் அவற்றையே கையாளலாம்; ஒருமைப்பாட்டுக்கு இதனால் ஊறு இல்லை. புண்ணைப் பார்க்கக் கற்பதற்கு இந்நாட்டு விடுதிகளில் உள்ள இந்நாட்டுத் தோலைப் பார்க்கலாம். இருவர் தம்முள் ஒத்துப்போவதோடு அனுபவமுள்ள தாதி ஒருவரின் கையோடும் ஒத்துப்போகிறார்களா என்று சோதிக்கலாம். நாட்செல்ல அளக்கும் கை நழுவும் என்பது அனைவரும் அறிந்ததாகையால், ஆய்வின் நடுவிலும் இச்சோதனையை மீண்டும் வைக்கலாம். இருவர் வேறுபட்ட இடத்தை அழித்துவிடாது, ஏன் வேறுபட்டனர் என்று எழுதி வைக்கலாம். புதிய உண்மை பல வேளைகளில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இதற்கு நாளும் பணமும் மிகுதியாகும் என்பர். ஆகும். சொல் திரட்டும் இரு நாளுக்கும், இடையில் வரும் மறுசோதனைக்கு ஒரு நாளுக்கும் கூலி வேண்டும். பலகையருகே இரண்டாவது ஆள் வேண்டும். ஆய்வின் வரவுசெலவுத் திட்டத்திற் கணனிக்கும் மாநாட்டுப் பயணத்துக்கும் தனித்தனி வரி இருக்கிறது. இந்த மூன்று நாட் கூலிக்கும் இரண்டாவது ஆளுக்கும் அங்கே ஒரு வரி சேர்க்கப்படட்டும். கட்டுரையின் அந்த ஒற்றை வாக்கியம் இருக்கும் இடத்தில், இணங்குவோரின் பெயர்களும் பயிற்சியின் நாட் கணக்கும் அச்சாகட்டும்.